விளக்கும் விழியும்

புளோறன்ஸ் நைற்றிங்கேல் என்ற பெயரைக் கேட்டவுடன் நம் உள்ளத்தில் ஓர் ஓவியம் எழும். நள்ளிரவு; காயமுற்ற போர்வீரர் நிறைந்த நீண்ட மண்டபம்; கையில் விளக்கேந்திய ஒரு பெண் படுக்கைக்குப் படுக்கை நடந்து செல்கிறாள். பாடசாலைப் புத்தகங்கள் நமக்குத் தந்த ஓவியம் இது. இதிற் பொய்யில்லை. ஆயினும் இவ்வோவியத்தை மாத்திரம் நெஞ்சிற் சுமந்துகொண்டு தாதித் தொழிலுக்கு வரும் இளைஞர், அத்தொழிலின் உயிர்நிலை இரக்கம் ஒன்றே என எண்ணிவிடுகின்றனர். தாதி மாணவியருக்குப் பல்லாண்டுகளாகப் பாடஞ் சொல்லிவரும் எனக்கு, அந்த அம்மையாரின் வாழ்க்கையை வேறொரு பக்கத்திலிருந்து எடுத்துக்காட்ட வேண்டுமென்ற எண்ணம் நெடுநாளாக உண்டு. அவர் கையிலிருந்த விளக்கைப் பற்றி உலகம் வேண்டிய அளவு பேசிவிட்டது. அந்த ஒளியில் அவர் எதனைப் பார்த்தார், எதனைப் பாராது விட்டார், பின்னர் எவ்வாறு பார்க்கக் கற்றுக்கொண்டார் என்பதையே ஈண்டுச் சொல்லப் புகுகின்றேன்.

1820ஆம் ஆண்டு மே மாதம் 12ஆந் திகதி இத்தாலி நாட்டுப் புளோறன்ஸ் நகரில் அவர் பிறந்தார். பெற்றோர் ஆங்கிலேயர், பெருஞ் செல்வர். ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கச் சென்றிருந்த காலத்தில் இரு பெண்மக்கள் பிறந்தனர். மூத்தவள் நேப்பிள்சிற் பிறந்தமையால் அந்நகரின் பழைய கிரேக்கப் பெயரைப் பெற்றாள். இளையவளுக்கும் பிறந்த ஊரே பெயராயிற்று. தந்தையார் கல்வியில் மிக்க ஈடுபாடுடையவர். இலத்தீன், கிரேக்கம், வரலாறு, தத்துவம் ஆகியவற்றைத் தாமே தம் மக்களுக்குக் கற்பித்தார். புளோறன்சுக்கோ கணிதத்தின்மேல் தீராத வேட்கை. உயர்குடிப் பெண்ணுக்குக் கணிதம் எதற்கு என்று வீட்டார் தயங்கினர். பிற்காலத்தில் அக்கணிதமே பல்லாயிரம் உயிர்களைக் காக்க உதவுமென்று அன்று யார் கண்டார்?

1837ஆம் ஆண்டு, அவருக்கு 16 வயதாயிருக்கையில், இறைவன் தம்மைத் தொண்டுக்கு அழைத்தார் என்ற உணர்வு அவர் உள்ளத்தில் எழுந்தது. அத்தொண்டு நோயாளரைப் பேணுவதே எனத் தெளிவதற்குச் சில ஆண்டுகள் சென்றன. 1845ஆம் ஆண்டில் சோல்ஸ்பரி நகர மருத்துவமனையிற் சில மாதம் தங்கிப் பயில விரும்பினார். வீட்டில் பெரும் புயல் எழுந்தது. அக்காலத்து இங்கிலாந்தில் மருத்துவமனைத் தாதி என்றால் எழுத்தறியாதவள், குடிப்பழக்கமுள்ளவள், வேறு வேலை கிடைக்காதவள் என்பதே மக்கள் எண்ணம். தாயும் தமக்கையும் அழுதனர், தந்தையார் மறுத்துவிட்டார். பெண்ணோ பணிந்தாள்போல இருந்து, விடியற்காலையில் எழுந்து, மருத்துவமனை அறிக்கைகளைத் தருவித்துப் படித்துக் குறிப்பெடுத்தாள். தன்னை மணக்க விரும்பிய நல்ல மனிதர் ஒருவரையும் மறுத்தாள். 1851ஆம் ஆண்டில்தான் வழி திறந்தது. ஜேர்மனியிலே கைசர்ஸ்வேர்த் என்ற ஊரில் பிளீட்னர் என்ற போதகர் நடத்திய நிலையத்தில் ஏறத்தாழ மூன்று மாதம் பயின்றார். அவர் முறையாகப் பெற்ற பயிற்சி பெரும்பாலும் அவ்வளவே.

1853ஆம் ஆண்டில் இலண்டன் ஹாலி வீதியிலிருந்த, நோயுற்ற பெண்களுக்கான சிறு மருத்துவ நிலையமொன்றின் மேற்பார்வை அவருக்குக் கிடைத்தது. பொறுப்பேற்கு முன்னரே அவர் கேட்டவை எவை என்பதை மாணவர் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு மாடிக்கும் வெந்நீர் குழாய்மூலம் வரவேண்டும். உணவை மேலே ஏற்றுவதற்குக் கப்பிப் பொறி அமைக்க வேண்டும். நோயாளி மணியை அடித்தால், அடித்தவர் யார் என்பதைத் தாதி உடனே அறியும்படி ஓர் அடையாளம் திறந்து நிற்கவேண்டும். இவை மூன்றுக்கும் நோக்கம் ஒன்றே. வெந்நீருக்கும் உணவுக்குமாகப் படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் தாதி, நோயாளியைப் பார்க்க முடியாது. பார்வை நீங்கிய அந்தச் சில நிமிடங்களிலேதான் ஆபத்து நுழைகிறது. இன்று நோயாளர் பாதுகாப்பு என்று தனியொரு துறையாகப் பேசப்படுவதன் வித்தினை அந்தச் சிறிய கட்டடத்திலே நான் காண்கிறேன்.

அடுத்த ஆண்டு இங்கிலாந்து கிரிமியப் போரில் இறங்கியது. காயமுற்ற வீரர் பேணுவாரின்றி மடிகின்றனர் என்ற செய்தி பத்திரிகைகளில் வந்து இங்கிலாந்தை உலுக்கியது. போர்த்துறை அமைச்சரும் அம்மையாரின் நண்பருமான சிட்னி ஹெர்பேட் அவரை அழைத்தார். 1854ஆம் ஆண்டு ஒக்ரோபர் 21ஆந் திகதி 38 தாதியருடன் அவர் புறப்பட்டார். நவம்பர் 4ஆந் திகதி, துருக்கித் தலைநகருக்கு எதிர்க்கரையிலுள்ள ஸ்கூற்றாரியை அடைந்தார். அங்கே துருக்கியரின் பெரிய படைமனையொன்று ஆங்கிலப் படையின் மருத்துவமனையாக மாறியிருந்தது. இராணுவ வைத்தியர்கள் முதலில் அவரை விரும்பவில்லை. அவரும் அழையாமல் நுழையவில்லை. தம் தாதியரைக் கட்டுத்துணி தைக்கச் சொல்லிக் காத்திருந்தார். சில நாட்களுள் இங்கர்மன் போரில் அடிபட்டோர் கப்பல் கப்பலாக வந்திறங்கவே, எதிர்ப்பு கரைந்தது. அவர் சமையலறை அமைத்தார். சலவைக்கு வழி செய்தார். மக்கள் திரட்டித் தந்த நிதியைக்கொண்டு சட்டையும் போர்வையும் வாங்கினார். இரவிலே விளக்குடன் நடந்தார். அவர் ஏந்தியது ஓவியர் வரையும் அழகிய எண்ணெய் விளக்கன்று. மடித்து வைக்கத்தக்க துருக்கிய விளக்குக்கூடு.

கதையை இவ்விடத்திலே நிறுத்திவிடுவது பலரின் வழக்கம். உண்மை வரலாறு இவ்விடத்திலேதான் கசக்கத் தொடங்குகிறது. அம்மையார் வந்த பின்பும் சாவு குறையவில்லை; ஏறியது. 1855ஆம் ஆண்டு பெப்ரவரியில் அம்மருத்துவமனையிற் சிகிச்சை பெற்றோரில் 100க்கு 42 பேர் மாண்டனர். பெரும்பாலோர் மாண்டது குண்டுபட்ட காயத்தாலன்று. வயிற்றுளைவு, வாந்திபேதி, நச்சுக் காய்ச்சல் ஆகிய நோய்களால். உணவும் உடையும் மருந்தும் போதாமையும், வீரர் மிகவும் நலிந்த பின்னரே கொண்டுவரப்படுவதுமே காரணம் என அவர் அப்போது கருதினார். அவர் கண் படுக்கையின்மேல் இருந்தது. படுக்கைக்குக் கீழே, அடைபட்டு அழுகி நாறிய கழிவுவாய்க்கால்களின்மேல் அந்தக் கட்டடமே நின்றது.

அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் அரசாங்கம் அனுப்பிய சுகாதாரக் குழு வந்து சேர்ந்தது. சதலண்ட் என்ற வைத்தியரும் றோலின்சன் என்ற பொறியியலாளரும் அதில் இருந்தனர். அவர்கள் கழிவுவாய்க்கால்களைக் கழுவித் திறந்துவிட்டனர். செத்த மிருகங்களை அகற்றினர். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தனர். காற்று வர வழி செய்தனர். குடிநீர் வரும் வழியிலே செத்த குதிரையொன்று கிடந்ததாகவும் கண்டனர். ஜூன் மாதத்தில் சாவு 100க்கு ஏறத்தாழ 2 ஆகக் குறைந்தது.

1856ஆம் ஆண்டு அவர் புனைபெயரோடு பயணஞ் செய்து, வரவேற்பு ஆரவாரம் எதனையும் ஏற்காது வீடு திரும்பினார். நாடு அவரைத் தெய்வமாகக் கொண்டாடியது. அவரோ ஒரு மேசையின்முன் அமர்ந்தார். மக்களின் இறப்புக் கணக்குகளை ஆராய்வதில் வல்லவரான வில்லியம் பார் என்பவரின் துணையோடு, மாதம் மாதமாக, மருத்துவமனை மருத்துவமனையாக இறந்தோரை எண்ணினார். எண்கள் ஈவிரக்கம் அறியாதவை. தாம் அன்போடு பேணிய அந்த இடமே வீரர்களுக்குப் பெரும் ஆபத்தாக இருந்தது என்பதை அவை அவருக்குக் காட்டின. அந்நேரத்தில் அவர் உள்ளம் பட்ட பாட்டை நாம் ஊகிக்கவே முடியும். ஆயின் அவர் செய்ததை நாம் அறிவோம். கணக்கை மறைக்கவில்லை. 1858ஆம் ஆண்டில் பேரறிக்கையொன்றை அச்சிட்டு, அதிகாரத்திலிருந்தோர் பலருக்கு அனுப்பினார். எண்ணைப் படிக்கச் சலிப்போருக்காக அவற்றை வட்டப் படங்களாகவும் வரைந்தார். தடுத்திருக்கக்கூடிய நோயால் வந்த சாவு நீலம்; காயத்தால் வந்தது சிவப்பு; ஏனையது கறுப்பு. நீலம் மற்ற இரண்டையும் விழுங்கி நிற்பதைக் கல்லாதவனும் காணலாம். அவ்வாண்டே இலண்டன் புள்ளிவிவரச் சங்கம் தன் முதற் பெண் உறுப்பினராக அவரை ஏற்றது.

இரக்கமும் உழைப்பும் இருந்தும், பார்வை பிழைத்தால் நோயாளி பிழைக்கமாட்டான் என்பதே ஸ்கூற்றாரி அவருக்குக் கற்பித்த பாடம் எனக் கொள்ளுகின்றேன். அதன்பின் அவர் எழுதிய ஒவ்வொரு நூலிலும் இப்பாடத்தின் எதிரொலி கேட்கிறது. தாதிப்பணி பற்றி 1859ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த அவருடைய சிறு நூலில், நோயாளரை உற்றுநோக்குதல் பற்றித் தனி அதிகாரமே உண்டு. நோயாளி இரவு நன்றாகத் தூங்கினாரா என்று கேட்பதை அவர் கண்டிக்கிறார். பத்து மணிநேரம் அயர்ந்து தூங்காவிட்டால் தூக்கமே இல்லை என்பவரும் உண்டு. பல இரவுகள் கண்மூடாதவரும் உண்டு. இருவரும் ஒரே விடையையே தருவர். ஆகவே எத்தனை மணிநேரம் தூங்கினார், இரவின் எந்த வேளையில் தூங்கினார் என்றே கேட்க வேண்டும். உணவும் அவ்வாறே. தட்டு கொண்டுபோய் வைக்கப்பட்டது என்பது செய்தியன்று. எவ்வளவு உண்ணப்பட்டது என்பதே செய்தி. உற்றுநோக்குவது வேடிக்கையான விவரங்களைக் குவிப்பதற்கன்று, உயிரைக் காப்பதற்கே என்பது அவர் முடிபு. தாதி பகலில் அடிக்கடி கைகழுவ வேண்டும் என்றும் அந்நூலிலே எழுதினார். படுக்கைப்புண் வந்தால் அது பெரும்பாலும் நோயின் குற்றமன்று, பேணலின் குற்றம் என்றும் எழுதினார். தாதி அருகில் இருக்கும்போது நடப்பது, அவள் இல்லாதபோதும் தவறாது நடக்கும்படி ஒழுங்குசெய்வதும் அவள் கடமையே என்றார். இன்று ஒரு தாதி பணி முடிந்து செல்லும்போது அடுத்தவரிடம் நோயாளியை ஒப்படைக்கும் முறையின் அடிப்படை இதுவன்றோ?

மக்கள் அவருக்கு நன்றியாகத் திரட்டிய நிதியைக்கொண்டு, 1860ஆம் ஆண்டில் இலண்டன் சென். தோமஸ் மருத்துவமனையிலே தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. முதல் அணியிற் சேர்ந்தோர் 15 பேர், பயிற்சி ஓராண்டு. அம்மாணவியர் கற்கவேண்டியவை ஒரு பட்டியலாகக் கொடுக்கப்பட்டன. புண் கட்டுதல், படுக்கை விரித்தல், நோயாளியை அசைத்துத் திருப்புதல் முதலியவற்றோடு, கண்டிப்பாக உற்றுநோக்க வேண்டியவையும் அதிலே எண்ணிச் சொல்லப்பட்டன: கழிவு, சளி, நாடி, தோல், பசி, பிதற்றலோ மயக்கமோ உண்டா என்ற அறிவுநிலை, மூச்சு, உறக்கம், புண்ணின் நிலை, உணவும் மருந்தும் செய்த பயன். இன்று உடல்நிலை மதிப்பீடு என்ற தலைப்பில் முதலாண்டு மாணவிக்கு நான் சொல்லும் பாடத்தின் எலும்புக்கூடு முழுவதும் இப்பட்டியலிலே இருக்கிறது. அது எழுதப்பட்டபோது காய்ச்சல் அளக்கும் சிறு வெப்பமானி விடுதிகளிற் புழக்கத்துக்கு வரவில்லை. கையிற் பட்டி கட்டிக் குருதி அமுக்கம் அளக்கும் கருவியை இத்தாலிய வைத்தியர் றிவா-றொச்சி அறிமுகஞ் செய்தது 1896ஆம் ஆண்டில். கருவிகள் பின்னர் வந்தன. கண்ணும் காதும் விரலும் முன்னரே இருந்தன.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. மாணவியர் எழுதும் விடுதிக் குறிப்புகளைப் பார்வையிடுகையில், நோயாளர் பலருக்கும் மூச்சின் எண்ணிக்கை ஒன்றாகவே எழுதப்பட்டிருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். நிமிடத்துக்கு 20, அடுத்த படுக்கைக்கும் 20, அதற்கடுத்ததற்கும் 20. வெப்பநிலையைக் கருவி சொல்கிறது. குருதி அமுக்கத்தையும் நாடியையும் கருவி சொல்கிறது. மூச்சை மட்டும் ஒருவர் அருகில் நின்று, மார்பு எழுந்து தாழ்வதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டியிருக்கிறது. அதுவும் நோயாளி அறியாதபடி. எண்ணுவதை அறிந்தால் அவர் மூச்சு மாறிவிடும். அந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடிப்பதற்காக எழுதப்படும் எண்ணே இந்த 20. ஆனால் உடல் உள்ளே நிலைகுலையத் தொடங்கும்போது பெரும்பாலும் முன்னதாக மாறுவது மூச்சின் வேகமே. 20 என்று எழுதப்பட்டவர் உண்மையில் 28 முறை மூச்சுவிட்டுக் கொண்டிருக்கலாம். மூன்று வேளை இவ்வாறு எழுதினால், வைத்தியர் அத்தாளைப் பார்த்து அமைதியாக அடுத்த படுக்கைக்குச் சென்றுவிடுவார். எவரும் கொடுமை செய்யவில்லை. எவரும் அந்நோயாளியை வெறுக்கவில்லை. அவரை எவரும் பார்க்கவில்லை என்பதே நடந்தது. ஸ்கூற்றாரியில் நடந்ததும் இதன் பேருருவமே.

தம் சொந்த முயற்சியையும் அம்மையார் இக்கண்ணோடே நோக்கினார். கிராமங்களுக்கு மருத்துவிச்சிகளைப் பயிற்றுவதற்காக, இலண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையிலே அவருடைய நிதியத்தின் செலவில் பிரசவ விடுதியொன்று 1861ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்டது. தாய்மார் சிலர் பிரசவக் காய்ச்சலால் இறந்தனர். 1867ஆம் ஆண்டில் விடுதி மூடப்பட்டது. வைத்தியர் கைகளே அக்காய்ச்சலைத் தாய்மாரிடம் கொண்டுசெல்கின்றன என்பதை வியன்னாவிற் செம்மல்வைஸ் 1847ஆம் ஆண்டிலேயே கண்டு, கைகழுவச் செய்து சாவைக் குறைத்திருந்தார். உலகம் அவரை நம்பவில்லை. நைற்றிங்கேல் தாமாக ஆராயத் தொடங்கி, கிடைத்த கணக்குகளைத் திரட்டி, 1871ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். ஏழையின் குடிசையிற் பிள்ளை பெறுபவளைவிடப் பிரசவ மருத்துவமனைக்கு வருபவளே மிகுதியாகச் சாகிறாள் என்பது அதனாற் புலனாயிற்று. மருத்துவமனை செய்யவேண்டிய முதற் கடமை நோயாளிக்குத் தீங்கு செய்யாதிருப்பதே என்று, மருத்துவமனைகள் பற்றிய தம் நூலின் 1863ஆம் ஆண்டுப் பதிப்பில் அவர் முன்னரே எழுதியிருந்தார். அந்த விதியைப் பிறர்மேல் ஏவியவர், தம் பெயரால் நடந்த விடுதிக்கும் அதே விதியைப் பொருத்தினார் என்பதே அவர் பெருமை.

நமக்கும் அவர் ஆராய்ச்சியோடு ஒரு தொடர்பு உண்டு. குடியேற்ற நாடுகளின் பாடசாலைகளிலும் மருத்துவமனைகளிலும் சுதேசிகள் எத்தனை பேர் நோயுற்றனர், எத்தனை பேர் இறந்தனர் என்று அவர் 1863ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் இலங்கையும் இடம்பெற்றது. இந்தியாவைக் காணாமலே, அங்கிருந்து வந்த அறிக்கைகளைக் கொண்டு, அந்நாட்டின் குடிநீர், வடிகால், பஞ்சம் ஆகியவை பற்றிப் பல்லாண்டுகள் எழுதினார்.

அவரைக் குறையற்றவர் என்று சொல்ல நான் வரவில்லை. நோய் நுண்ணுயிர்களாற் பரவுகிறது என்ற கொள்கையை நெடுங்காலம் ஐயத்தோடே நோக்கினார். நாற்றத்தையும் கெட்ட காற்றையுமே பகையாகக் கருதினார். எனினும் அழுக்கை அகற்று, நீரைத் தூய்மை செய், கையைக் கழுவு, காற்றை உள்ளே விடு என்று அவர் சொன்னவை கிருமிக்கும் பகையாயின. காரணம் பிழைத்தபோதும் கணக்கு பிழைக்கவில்லை. கணக்கை நம்பியவரைக் கணக்கு காத்தது.

கிரிமியாவிற் பற்றிய காய்ச்சல் அவர் உடலைக் குலைத்துவிட்டது. 1857ஆம் ஆண்டின் பின் பல்லாண்டுகள் அறையை விட்டு வெளிவராத நோயாளியாகவே வாழ்ந்தார். பிறரைப் படுக்கையருகில் நின்று பார்த்தவர், படுக்கையில் கிடந்து பார்க்கப்படுவது எத்தகையது என்பதையும் அறிந்தார். கதவுக்கு வெளியே கிசுகிசுக்கும் பேச்சும், பொய்யாகத் தேற்றும் சொல்லும் நோயாளியை எவ்வாறு வருத்தும் என்று தம் நூலில் அவர் நுட்பமாக எழுதியிருப்பது ஏட்டறிவு மட்டுமன்று. அங்கிருந்தே தாதி மாணவியருக்குக் கடிதங்கள் எழுதினார்; அவர்களின் குறிப்புகளைப் படித்தார். 1907ஆம் ஆண்டில் பிரித்தானியாவின் உயர்விருதாகிய மெறிற் விருது, முதன்முறையாக ஒரு பெண்ணுக்கு என, அவருக்கு அளிக்கப்பட்டது. 1910ஆம் ஆண்டு ஓகஸ்ற் 13ஆந் திகதி, தம் 90ஆவது வயதில், இலண்டனிற் காலமானார். வெஸ்ற்மின்ஸ்ரர் ஆலயத்திலே பெருமக்கள் நடுவில் அடக்கஞ் செய்ய இடந்தர அரசு முன்வந்தது. குடும்பத்தார் அதனை ஏற்கவில்லை. ஈஸ்ற் வெல்லோ என்ற சிற்றூரில், குடும்பக் கல்லறையிலே அவர் அடக்கஞ் செய்யப்பட்டார். கல்லிலே பெயர்கூட இல்லை. பெயரின் முதலெழுத்துகள் இரண்டும் பிறந்த நாளும் இறந்த நாளுமே உள்ளன.

அவர் பிறந்த மே 12ஆந் திகதி இன்று உலகத் தாதியர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. நம் தாதியர் கல்லூரிகளிலும் அன்று விளக்கேற்றுவர். ஏற்றட்டும், நல்ல வழக்கமே. ஆனால் விழா முடிந்து விடுதிக்குத் திரும்பும் மாணவி, முதற் படுக்கையருகிற் சென்று, நோயாளியின் முகத்தையும் தோலின் நிறத்தையும் பார்த்து, நாடியைத் தொட்டு, மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணி, எண்ணியதையே எழுதுவாளாயின், அதுவே அந்த அம்மையாருக்குச் செய்யும் மெய்யான வழிபாடு என்பேன்.